முகம் எண் ஒன்று

மயில்சாமிக்குப் பொறாமைப்பட ஆள்கூட வேண்டாம், ஒரு பேச்சு போதும். "பால்காரரு இன்னிக்கு நேரத்துலயே வந்துட்டாருங்க" என்று மனைவி சுகந்தி சொன்னால், அவன் எதற்காக நேரத்தில் வந்தான் என்று மத்தியானம்வரை மண்டையை உடைத்துக்கொள்வார். பல் டாக்டர், அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர், தொலைக்காட்சியில் வானிலை வாசிப்பவர் என்று இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் சந்தேகப்படாத ஆண் பிள்ளை பாக்கியில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஐம்பத்திரண்டு வயதிலும் பத்தடி தள்ளி நின்றே எந்தப் புடவையில் சரிகை போலி என்று சொல்லிவிடுவார்.

கண்ணில் குறை சுகந்திக்குத்தான். மூன்றாம் வகுப்பில் ஏறிய கண்ணாடி. நாற்பத்தெட்டு வயதில் அது மைனஸ் பதினொன்றில் வந்து நின்றது. காலையில் கண் விழித்ததும் அவள் கை முதலில் தலைமாட்டைத் துழாவி கண்ணாடியைத்தான் தேடும். அது இல்லாவிட்டால் உலகமே கஞ்சித் தண்ணீர். போன வருடம் அவளுடைய தங்கை லேசர் செய்துகொண்டு, மூக்கில் தழும்புகூட இல்லாமல் ஒரு கல்யாணத்துக்கு வந்து நின்றாள். அன்றைக்கே சுகந்தி தீர்மானித்துவிட்டாள்.

கண் மருத்துவமனையில் டாக்டர் ஹேமலதா பொறுமையாகச் சொன்னார்.

"உங்க தங்கச்சி பண்ணிக்கிட்டது பழைய முறைங்கம்மா. கருவிழி மேல ஏடு மாதிரி வெட்டித் தூக்கிட்டு, உள்ள லேசர்ல செதுக்கிட்டு, திரும்ப மூடிருவோம். அதுக்கப்புறம் ஏடே வெட்டாம, சின்னக் கீறல் வழியா உள்ளிருந்து ஒரு வில்லையை உருவற முறை வந்துச்சு. மேல்தோலை மட்டும் நீக்கிட்டுச் செதுக்கற முறையும் உண்டு. எல்லாமே ரெடிமேட் சட்டைதான். உங்க வயசுக்கு அது சரிப்படாது. தூரத்தைச் சரி பண்ணினா கிட்டம் போயிரும், கிட்டத்தைப் பிடிச்சா தூரம் போயிரும்."

"அப்ப எனக்கு ஆகாதுங்களா?" என்றாள் சுகந்தி.

"ஆகும். அளவெடுத்துத் தைக்கணும்."

ஜவுளிக்காரர் மயில்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அளவெடுக்கும் விதம்தான் புதுசு. சுகந்தியின் கண்ணாடிச் சட்டத்தில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு கருவியை ஒட்டிவிடுவார்கள். நாற்பத்தெட்டு நாள், சரியாக ஒரு மண்டலம், அவள் எதை எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை நேரம் பார்க்கிறாள் என்று அது கணக்கெடுக்கும். அந்தக் கணக்குப்படி லேசர் செதுக்கும்.

"முகத்தையெல்லாம் படம் பிடிக்குங்களா?" என்று கேட்டார் மயில்சாமி.

"படம் சேமிக்கச் சட்டம் விடாதுங்க சார். முகம் ஒண்ணு, முகம் ரெண்டுன்னு நம்பர் மட்டும்தான் போடும். உங்களை மட்டும் விண்ணப்பத்துல இருக்கற போட்டோவை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கும். வீட்டுக்காரர் முகமாச்சே, தெளிவா தெரியணுமில்ல?" டாக்டர் சிரித்தார். "ஆனா ஒண்ணும்மா. எல்லா தூரத்தையும் கூர்மையாக்கறதுக்குக் கருவிழியில இடம் கிடையாது. எங்கயாச்சும் ஒரு இடத்துல மங்கல் விட்டே ஆகணும். நீங்க ரொம்பக் குறைவா பாக்கற இடமா பாத்து மெஷினே எடுத்துக்கும்."

"பின்னால வேணும்னா மாத்திக்கலாங்களா?"

"முடியாதுங்க. இவங்களுக்குக் கருவிழி ஏற்கெனவே மெலிசு. ஒருதரம் செதுக்கினா செதுக்கினதுதான்."

அந்த நாற்பத்தெட்டு நாளும் மயில்சாமி தேர்தல் நேரத்து வேட்பாளர்போல நடந்துகொண்டார். தினம் ஒரு இஸ்திரிச் சட்டை. சுகந்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே போய் நின்றார். சாப்பிடும்போது எதிர் நாற்காலி. தொலைக்காட்சி பார்க்கும்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்து நாற்காலி. "உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று அவள் கேட்டதற்கு, "ஏன், நான் இங்க நிக்கக் கூடாதா?" என்றார்.

அறிக்கை அவருடைய செல்போனுக்குத்தான் வந்தது. கேஸ், ரேஷன், பேங்க் எதுவானாலும் சுகந்தி எழுதிக் கொடுப்பது கணவர் நம்பரைத்தான், இதற்கும் அப்படியே எழுதியிருந்தாள். "நாப்பது பக்கத்தை யாருங்க படிக்கறது? நீங்களே பாத்துக்குங்க. எனக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு ஒரு படி அவல் கிடைத்தது. கடையின் கிடங்கில், பிரிக்காத புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் முகங்கள் வந்தன.

முகம் எண் ஒன்று. ஆண். வயது மதிப்பு அறுபதிலிருந்து அறுபத்தைந்து. தூரம் அறுபதிலிருந்து அறுபத்தைந்து சென்டிமீட்டர். வெளிச்சம் மங்கல். மொத்தம் முப்பத்தொரு மணி நாற்பது நிமிடம். பார்வை எடுக்காமல் பார்த்தது, சராசரியாகப் பதினோரு நிமிடம்.

முகம் எண் இரண்டு. பதிவு செய்த துணைவர். வயது மதிப்பு நாற்பத்து நான்கு. மொத்தம் ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

வேறொரு நாளாயிருந்தால் அந்த நாற்பத்து நான்கை அவர் ஊரெல்லாம் காட்டியிருப்பார். இப்போது அது கண்ணிலேயே படவில்லை. பதினோரு நிமிடம்! கல்யாண மேடையில்கூடச் சுகந்தி தன்னை முழுசாக ஒரு நிமிடம் பார்த்ததில்லையே. எவனோ ஒரு கிழவன். மங்கல் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் முகூர்த்தப் பட்டு கேட்டபோது நைலான் கட்டைத் தூக்கிப் போட்டார்.

சுகந்தியிடம் நேராகக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கேட்டால் தான் இரண்டாமிடம் என்பதைத் தன் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே. மயில்சாமி கேட்கவில்லை.

மறுநாள் அவள் மறந்துபோன தயிர்ச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் வேலை செய்யும் மாவட்ட நூலகத்துக்குப் போனார். மறந்தாள் என்பது சும்மா. அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தவரே அவர்தான். பழைய செய்தித்தாள்களைப் பிரதி எடுக்கும் அறையில் சுகந்திக்கு வேலை. வெளிச்சம் பட்டால் தாள் நொறுங்கும் என்று அங்கே பாதி விளக்குதான் எரியும். மயில்சாமி கதவைத் திறந்தார். அவளுக்கு எதிரே ஒருவர். தலையில் மருந்துக்கு ஒரு முடி இல்லை. வயது அறுபத்தொன்றோ இரண்டோ.

"வாங்க சார், வாங்க! நான் நஞ்சுண்டன். மேடம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்று அவர் எழுந்தார்.

"என்ன சொல்லுவாங்க?"

"நல்லபடியாத்தானுங்க. மேடம் மட்டும் இல்லைன்னா இந்த ரூமையே இழுத்து மூடியிருப்பாங்க."

சுகந்தி டப்பாவை வாங்கிக்கொண்டு கை கழுவப் போனாள். மயில்சாமி சட்டைப் பையிலிருந்து அங்குல நாடாவை எடுத்து மேசையின் குறுக்கே நீட்டினார்.

"என்னங்க சார் அளக்கறீங்க?"

"வீட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு செய்யலாம்னு" என்றார் மயில்சாமி. இருபத்தைந்து அங்குலம். மனசுக்குள் சென்டிமீட்டராக்கிப் பார்த்தார். அறுபத்து மூன்றரை.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். இவனைவிட நான் எதில் மட்டம்? அவருக்கும் நாற்பதிலேயே தலை காலியாகிவிட்டதுதான், மேல்வரிசைப் பல்லும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டதுதான். அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. சென்னையில் போய் அளவு கொடுத்து விக் வாங்கினார், பல்செட் கட்டினார். இரண்டும் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார், குளித்துவிட்டு வரும்போது மாட்டிக்கொண்டுதான் வருவார். இத்தனை பாடுபட்டது ஒரு மொட்டைத்தலை நஞ்சுண்டனிடம் தோற்பதற்கா?

சிகிச்சை நாள் வந்தது. சுகந்திக்குக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எதிரே இருக்கும் எழுத்தும் அவளுக்கு எறும்புக் கூட்டமாகத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆலோசகர் பெண் கடைசிப் படிவத்தைத் தட்டுக் கணினியில் கொண்டுவந்து நீட்டினாள். நோயாளியால் படிக்க முடியாது, ஆகவே கூட வந்தவர் படித்துச் சொல்ல வேண்டும். அங்கே நடைமுறை அது.

"சார், மங்கல் விடற இடம். மூணு மீட்டர்ல இருந்து நாலு மீட்டர், மங்கல் வெளிச்சம். மேடம் அப்படிப் பாக்கறது ரொம்பக் கம்மி. இதுக்குச் சரின்னு போட்ருங்க."

மயில்சாமியின் விரல் நின்றது. "இதை மாத்தலாமா?"

"மாத்தலாம். ஏனுங்க சார்?"

அவர் அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். "இந்த அறுபது சென்டிமீட்டர் மங்கல் வெளிச்சம் இருக்கே, அதை விட்ருங்க. அது ஆபீஸ் மேசை. இவ வேலையை விடப் போறா."

"அதுதானுங்க மேடம் அதிகமா பாக்கற இடம்! அம்பத்தஞ்சுல இருந்து எழுபதுவரைக்கும், வெளிச்சம் குறைஞ்சா ஒண்ணும் பிடிபடாது. நிச்சயமா வேண்டாமா?"

"நிச்சயம்."

பெண் தயங்கினாள். ஆனாலும் படிவத்தை மாற்றினாள். "மேடம் ரேகை வைக்கணும் சார்."

"எங்கீங்க வைக்கறது? எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்று சுகந்தி கையை நீட்டினாள். மயில்சாமி அவள் கட்டைவிரலைப் பிடித்து, சரியான கட்டத்தில் கொண்டுபோய் அழுத்தினார். அவள் விரல் சில்லிட்டிருந்தது. "பயமா இருக்குதுங்க" என்றாள். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் நஞ்சுண்டனின் பளபளப்பான தலை நினைவுக்கு வந்ததும் வெட்கம் போய்விட்டது.

ஒரு கண்ணுக்கு நாற்பது விநாடி. அவ்வளவுதான் சிகிச்சை.

வாரம் திரும்புவதற்குள் சுகந்தி பத்து வயது குறைந்தவளானாள். பஸ் பலகையை அரை பர்லாங்கில் படித்தாள். வேப்பமரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்று அதிசயப்பட்டாள். மொட்டை மாடியிலிருந்து மேற்கே மலை மடிப்பையெல்லாம் எண்ணினாள். "உங்க சட்டைப் பித்தானுல நூலு பிரிஞ்சிருக்குதுங்க" என்று வாசலிலிருந்தே சொன்னாள். மயில்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஆபீஸ்ல எப்படி? எதிர்ல இருக்கறவரு மூஞ்சியெல்லாம் தெரியுதா?"

"யாரு, நஞ்சுண்டன் சாரா? அவரு மூஞ்சிய யாருங்க பாத்தா? அவரு பேப்பருக்குள்ள குனிஞ்சிருப்பாரு, நான் பேப்பருக்குள்ள குனிஞ்சிருப்பேன். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் அவருக்கு மூக்குல மச்சம் இருக்கறதையே பாத்தேன்."

பொய் சொல்கிற குரலா அது? இருபத்தாறு வருடம் அந்தக் குரலைச் சோதனை போட்டவர் அவர். பொய் இல்லை. அப்படியானால் முகம் எண் ஒன்று யார்? அணைந்த அடுப்பு திரும்பவும் பற்றிக்கொண்டது. சங்கத்துச் செயலாளருக்கு ஐம்பத்தெட்டு. மருந்துக் கடைக்காரருக்கு அறுபத்து மூன்று. நஞ்சுண்டனாவது ஒருவர், இப்போது ஊரிலிருக்கிற கிழவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் அவருக்குத் தற்செயலாக விழிப்பு வந்தது. வழக்கமாக ஆறரைக்கு முன் இடி விழுந்தாலும் எழமாட்டார். ஜன்னல் திரை வழியாகச் சாம்பல் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுகந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இடுக்கினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். மயில்சாமி இமையைச் சிறிது மட்டும் திறந்துவைத்து இதையெல்லாம் கவனித்தார்.

"என்ன பாக்கற?" என்றார். பல்செட் இல்லாததால் வார்த்தை காற்றோடு வந்தது.

அவள் திடுக்கிட்டாள். "முழிச்சுட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க. தினமும் பாக்கறதுதான். ஆபரேசனுக்கு அப்புறம் இது மட்டும் தெரியவே மாட்டேங்குது. வெள்ளையா ஒரு தலையணை, அதுல கறுப்பா ஒரு திட்டு, அவ்வளவுதான்."

"தினமுமா? எதை?"

"உங்களைத்தான். எந்திரிச்சு கண்ணாடியைப் போட்டுட்டு, காப்பி வைக்கப் போறதுக்கு முன்னால அரை மணி, முக்கா மணி இப்படி உக்காந்திருப்பேன். ரொம்ப வருசமா."

மயில்சாமி தன் தலையைத் தடவிப் பார்த்தார். விக் அலமாரியில் இருந்தது. பல் தம்ளரில் இருந்தது. கண் மூடியிருந்த, கன்னம் ஒட்டிய, மொட்டைத் தலை முகம். விண்ணப்பத்துப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்த மெஷின், இது வேறு யாரோ ஒரு கிழவன் என்று முடிவுகட்டி முதல் எண்ணைக் கொடுத்திருக்கிறது. முப்பத்தொரு மணி நாற்பது நிமிடம். அத்தனையும் அவருக்கே விழுந்த ஓட்டு. அதைத்தான் அவர் தன் கையால், அவள் கட்டைவிரலைப் பிடித்து அழித்திருக்கிறார்.

"இந்த மூஞ்சியிலயா?" என்று அவர் மெல்லக் கேட்டார். "பல்லு இல்ல, முடி இல்ல. என்ன இருக்குதுன்னு பாத்த?"

சுகந்தி சொன்னாள். "பகல்ல உங்க மூஞ்சி சும்மாவே இருக்காதுங்க. யாரு என்னைப் பாக்கறா, நான் யாரைப் பாக்கறேன்னு காவல் காத்துக்கிட்டே இருக்கும். எனக்கு அதை நேரா பாக்கவே பயமா இருக்கும். பாத்தா, ஏன் பாத்தேன்னு அதுக்கும் ஒரு கேள்வி வரும். தூங்கறப்பத்தான் அதுக்கு லீவு. அப்ப அந்த மூஞ்சிக்கு யாரு மேலயும் சந்தேகம் இருக்காது. நான் கட்டிக்கிட்ட ஆளு அப்பத்தான் வருவாரு."

வெளியே யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மயில்சாமிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக அவமானம் வந்தது.

"லைட்டைப் போட்டுப் பாக்கலாம்தான். போட்டா நீங்க எந்திரிச்சுக்குவீங்க, அப்புறம் அந்த மூஞ்சி எங்க இருக்கும்?" என்றாள் அவள். "போகட்டும் விடுங்க. நான் குறைவா பாக்கற இடமா பாத்துத்தான் மங்கலா விடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. என்னமோ கணக்குத் தப்பியிருக்குது. நாளையிலிருந்து இந்நேரத்துக்கு மாடிக்குப் போயிரலாம்னு இருக்கேன். மலை அவ்வளவு அழகா தெரியுதுங்க."

அவள் எழுந்துவிட்டாள். புடவையை உதறிச் சரிசெய்தாள். அவள் போய்விடுவாள். நாளைக்கும், நாளை மறுநாளும் போய்விடுவாள். இனி அந்த முப்பத்தொரு மணியும் மலைக்குத்தான். மலைமேல் பொறாமை வந்தது மயில்சாமிக்கு. வாழ்நாளில் அவர் பட்ட பொறாமைகளில் காரணத்தோடு பட்டது அது ஒன்றுதான்.

அவளைத் தடுக்க ஒரு வழி இருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பத்தைந்திலிருந்து எழுபதுவரைதான் மங்கல். அதற்கு இப்பால் வந்தால் எந்த வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். ஆனால் அதைச் சொன்னால், நுணலும் தன் வாயால் கெடும் கதைதான். சொல்லாவிட்டால் அவள் மாடிப்படி ஏறிவிடுவாள். அவள் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"சுகந்தி."

"ஏனுங்க?"

"போகாத. இன்னும் கிட்ட வந்து பாரு."

"எவ்வளவு கிட்ட?"

"நீ உக்காந்திருந்த இடத்துல இருந்து ஒரு சாண்."

அவள் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கையை ஊன்றி அவர் முகத்தின்மேல் மெதுவாகக் குனிந்தாள். குனிந்துகொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அவள் கண்கள் விரிந்தன.

"அட, தெரியுதுங்க! எல்லாந் தெரியுது. நெத்திச் சுருக்கம், புருவத்துல ஒத்த நரை, எல்லாம்." சின்னப் பெண்போல அவள் குரல் துள்ளியது. ஆசை தீர அவரைப் பார்த்தாள். அப்புறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் நெற்றியில் ஒரு முடிச்சு விழுந்தது.

"ஏனுங்க," என்றாள். "சரியா ஒரு சாண்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மயில்சாமி அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குப் பிடித்த அந்தத் தூங்குகிற முகத்தை எப்படியாவது வைத்துக்கொள்ளப் பார்த்தார். அது வரவில்லை.